திங்கட்கிழமை ஆட்டக்காரர்கள்

இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் வென்றவர்களின் பட்டியலைப் படிக்கத் தொடங்கினால் முதல் பெயர், 1964, பீட்டர் தாம்ஸன், ஆஸ்திரேலியா. அடுத்தது 1965, பில்லூ சேத்தி, இந்தியா. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த இந்தியப் பெயரைத் தேடினால் ஜப்பான், பிலிப்பைன்ஸ், தைவான், அமெரிக்கா, மெக்ஸிகோ, கனடா என்று பூகோளப் பாடம் முழுவதும் முடிந்த பிறகு, 1991இல், அலி ஷேர் என்று ஒரு பெயர் வரும். நடுவில் இருபத்தாறு வருஷம். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் காத்திருக்கிற பெண் வீட்டுக்காரர்கள் மாதிரிதான் இருந்திருக்கிறோம்.

காத்திருந்த அந்த நாட்களில் நான் தில்லி லோதி காலனியில் சர்க்கார் குவார்ட்டர்ஸ்வாசி. அப்பா அப்பர் டிவிஷன் கிளார்க். எங்கள் பிளாக்கில் முக்கால்வாசியும் அதே ரகம்தான்: கும்பகோணம், பாலக்காடு, திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் வழியாக ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி வந்து, கோப்புகளுக்கும் குளிருக்கும் பழகிப்போனவர்கள். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கோல்ஃப் மைதானத்தின் சுவர். சுவருக்கு மேலே கீக்கர் மரங்கள், நம் கருவேலம்தான், தலை நீட்டும். கருவேலத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வரும். மைதானத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு ஒரு கணக்கு வரும். இவ்வளவு இடத்தில் எத்தனை குவார்ட்டர்ஸ் கட்டலாம் என்று. சொந்த வீட்டுக்கு மனை வாங்க முடியாதவர் சர்க்காருக்காக மனை பிரித்துக்கொண்டே நடப்பார்.

அந்தச் சுவருக்கு உள்ளே லோதி காலத்துக் கல்லறைகளுக்கும் மயில்களுக்கும் நடுவில் நடந்த போட்டிக்கு முக்கியக் காரணம் பீட்டர் தாம்ஸன். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். 1954, 55, 56 என்று தொடர்ச்சியாக மூன்று முறை, பிறகு 58, 65. ஆசியாவில் கோல்ஃப் வேரூன்ற வேண்டும் என்று அலைந்து திரிந்தவர்களில் அவருக்குத்தான் முதலிடம். இந்தியாவுக்கும் ஒரு ஓப்பன் வேண்டும் என்று சொன்னார். 1964இல் தில்லியில் நடத்தினார்கள். அவரே ஜெயித்தார். 1966இலும் ஜெயித்தார். 1976இல், நாற்பத்தாறு வயதில், இன்னொரு முறை. யோசனை சொன்னவரே கோப்பையையும் தூக்கிக்கொண்டு போவது யாரையும் உறுத்தவில்லை. மனிதர் அவ்வளவு நல்லவர். பிறகு தில்லி மைதானத்தையே அவரிடம் கொடுத்துத் திருத்தி அமைக்கச் சொன்னார்கள். அதையும் நன்றாகவே செய்தார். ஃபேர்வே என்கிற பசும்பாதை அங்கே இரண்டு பக்கமும் முள் புதர் நெருக்கும் சந்து. ட்ரைவர் மட்டையை எடுத்து வீச்சாக அடிக்கிற பலசாலிக்கு அது ஆகாது. நேராக அடிக்கத் தெரிந்தவன் பிழைப்பான். பின்னால் கதை திரும்பியதற்கு இந்தச் சந்தும் ஒரு காரணம்.

சேத்தி விஷயம் தனி. பிரேம் கோபால் சேத்தி, செல்லப் பெயர் பில்லூ. கோல்ஃபுக்கு வழங்கப்பட்ட முதல் அர்ஜுனா விருது, 1961இல், அவருக்குத்தான். 1965இல் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் நடந்த இரண்டாவது ஓப்பனில் வெளிநாட்டுத் தொழில்முறைக்காரர்களையெல்லாம் தாண்டி ஜெயித்தார். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொடக்கூடாது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ளவற்றில் மிகப் பழைய கோல்ஃப் கிளப் ராயல் கல்கத்தா, 1829இல் ஆரம்பித்தது. அங்கே ஒரு இந்தியர் ஜெயித்து, பணம் வேண்டாம் என்று கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு போனது கனவான்களுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்திருக்கும். இந்தப் பட்டியலில் இன்றுவரை அமெச்சூர் அவர் ஒருவர்தான்.

எழுபதுகளில் ஒரு வருஷம் நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பள்ளித் தோழனின் அப்பா ஒரு மெம்பரிடம் டிரைவர். மெம்பருக்கு வந்த பாஸ்களில் அவர் வீட்டார் வேண்டாம் என்று விட்டது டிரைவருக்கும், டிரைவர் வேண்டாம் என்று விட்டது எங்களுக்கும் வந்தது. நமக்கு நல்லது எல்லாம் இப்படித்தான் வந்து சேரும் என்று தோழன் அந்த வயதிலேயே சொன்னான்.

போட்டியில் என்ன புரிந்தது? ஒன்றும் புரியவில்லை. ஒருவர் அடித்தார், எல்லோரும் நடந்தோம். மறுபடி அடித்தார், மறுபடி நடந்தோம். பேசக்கூடாது என்றார்கள், அந்தச் சட்டம் மயில்களுக்கு மட்டும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குழி இருக்கிற கிரீனுக்குப் போனதும் வெள்ளைக்காரர் குனிந்து பார்ப்பார், உட்கார்ந்து பார்ப்பார், எதிர்ப்பக்கம் போய்ப் பார்ப்பார். கடைசியில் பையைத் தூக்கிவந்த பையனின் முகத்தைப் பார்ப்பார். பையன், கான்வாஸ் ஷூவில் கட்டைவிரல் வெளியே தெரிகிறவன், ஒரு விரலால் தரையில் ஓர் இடத்தைக் காட்டுவான். அங்கே தட்டினால் பந்து வளைந்து போய்க் குழியில் விழும். கைதட்டல் வெள்ளைக்காரருக்கு. பையன் கொடிக்கம்பைத் திரும்ப நட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பான். இங்கே ஆட்டம் தெரிந்தவன் யார் என்று எனக்குச் சின்ன சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “ஆபீஸ்லயும் அப்படித்தான்டா. நோட் எழுதறது நான், கையெழுத்து அவர்” என்றார்.

அந்தக் காலத்தில் வந்துபோனவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கப் போட்டிகளில் ஆடுவதற்கான தகுதிச் சோதனையில் தேறாமல், சரி, ஆசியாவிலாவது ஆடிப் பார்ப்போம் என்று கிளம்பி வந்த இருபத்துநாலு வயதுப் பையன். 1981இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தான். பெயர் பெய்ன் ஸ்டூவர்ட். பின்னால் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், இரண்டு முறை யு.எஸ். ஓப்பன் என்று போய் 1999இல் விமான விபத்தில் இறந்தபோது உலகமே எழுதியது. தேறாதவர்கள் வந்து தேறிக்கொண்டு போகிற ஊர் என்று நமக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது. தேறிய பிறகு திரும்பி வருகிற பழக்கம் பெரிதாக இல்லை.

இந்த விருந்தோம்பலை முடித்து வைத்தவர் அலி ஷேர். தில்லி மைதானத்தில் கேடியாக, அதாவது பை தூக்குகிறவராக, இருந்தவர். இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் பிறர் பையைத் தூக்கியவர்கள் எப்படி ஆடக் கற்றார்கள் என்று கேட்டால் பதில் எளிது. பல கிளப்புகளில் திங்கட்கிழமை மெம்பர்களுக்கு ஓய்வு. அன்றைக்குக் கேடிகள் ஆடலாம். மட்டை யாரோ மெம்பர் கழித்துக் கட்டியது, பந்து புதரில் பொறுக்கியது. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஏழாவது நாள் அந்தத் தப்பைச் செய்யாமல் ஆடினார்கள். இதைவிட நல்ல பயிற்சிக்கூடத்தை யாரும் பணம் கொடுத்துக் கட்டியதாகத் தெரியவில்லை.

1991இல் அலி ஷேர் ஜெயித்தபோது ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அந்த வருஷத்துக்கான அர்ஜுனா விருதும் வந்தது. அதே வருஷம்தான் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் நாட்டின் கதவைத் திறந்ததாக எல்லோரும் எழுதுகிறார்கள்; அலி ஷேர் திறந்த கதவைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அது குருட்டு யோகம் என்று சொன்னவர்களுக்காக 1993இல் மறுபடி ஜெயித்தார்.

பிறகு வரிசை வேறு மாதிரி ஆயிற்று. 1998, ஃபிரோஸ் அலி மொல்லா, கொல்கத்தாவில் கேடியாக இருந்தவர். 1999, அர்ஜுன் அட்வால். 2000, ஜோதி ரந்தாவா. 2002, விஜய் குமார், லக்னோ மைதானத்தில் பை தூக்கி வளர்ந்தவர். 2006, 2007 இரண்டு வருஷமும் மறுபடி ரந்தாவா. 2009, முனியப்பா. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு குலம் தெரியும். ரந்தாவாவின் அப்பா பிரிகேடியர். 2015இல் ஜெயித்த அனிர்பான் லாஹிரியின் அப்பா ராணுவ டாக்டர். கன்டோன்மென்ட் ஊர்களில் ராணுவத்துக்குக் கோல்ஃப் மைதானம் இல்லாமல் இருக்காது, ஆகவே ஒரு குலம் அங்கிருந்து வந்தது. இன்னொரு குலம் மைதானத்தின் பின்பக்கம், மண்வெட்டியும் புல்வெட்டியும் வைக்கிற கொட்டகையிலிருந்து வந்தது. கிளப் கட்டடத்தின் முன்வாசல், பின்வாசல். இரண்டுக்கும் நடுவில் லோதி காலனி இருந்தது. அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. எங்கள் பிளாக்கிலிருந்து ஐ.ஐ.டி.க்குப் போனார்கள், ஸ்டேட் பாங்குக்குப் போனார்கள், நியூ ஜெர்ஸிக்குப் போனார்கள். பை தூக்குவது கௌரவக் குறைச்சல், மெம்பர் ஆவது வருமானக் குறைச்சல். நடுவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் ஜீவ் மில்கா சிங்கைச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பிய டூர் என்கிற தொழில்முறைப் போட்டித் தொடரில் நுழைந்த முதல் இந்தியர். சீனா, ஸ்பெயின், ஸ்காட்லாந்து என்று பல நாடுகளில் கோப்பை வாங்கியவர். சொந்த நாட்டு ஓப்பன் மட்டும் அவருக்குக் கடைசிவரை சிக்கவில்லை. பட்டியல் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அவர் பெயர் அங்கே இல்லாததே போதும்.

முனியப்பா ஜெயித்த செய்தி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சின்னக் கொண்டாட்டம். முழுப்பெயர் சின்னசாமி முனியப்பா. “பார், நம்ம ஊர்ப் பேர்” என்றாள் அம்மா. அவர் பெங்களூருக்காரர், கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானத்தில் பந்து பொறுக்குகிறவராகத் தொடங்கியவர் என்று சொன்னேன். “அதனால என்ன? முனியப்பன் எல்லை பார்த்தா நிப்பான்?” என்று கேட்டாள். குர்காவில் நடந்த அந்த ஓப்பனில் சமநிலை வந்து, பிளேஆஃப் ஆடித்தான் ஜெயித்தார். கோல்ஃப் என்றால் குழியில் பந்து போடுவது என்பதற்கு மேல் தெரியாத அம்மா, பல வருஷம் யார் வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இந்தக் குலத்தின் நாயகன் சௌராஸியாதான். எஸ்.எஸ்.பி. சௌராஸியா, சிவ சங்கர் பிரசாத். அப்பா ராயல் கல்கத்தாவில் கிரீன் கீப்பர், அதாவது புல்லைப் பராமரிக்கிறவர். பில்லூ சேத்தி கோப்பையை வாங்கிய அதே கிளப். மகன் அங்கேயே வளர்ந்து அங்கேயே கற்றுக்கொண்டான். ஆள் குள்ளம், அடி தூரம் போகாது. ஆனால் கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவனை மாதிரி சிப் செய்யவும் பட் செய்யவும் ஆள் இல்லை; சகாக்கள் பெயரையே ‘சிப்பட்ஸியா’ என்று மாற்றி வைத்தார்கள். 2008இல் ஐரோப்பிய டூர் முதன்முதலாக இந்தியாவில் நடத்திய இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டி தில்லி மைதானத்தில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய பெயர்கள் வந்திருந்தார்கள். ட்ரைவர் மட்டையால் விளாசி, கீக்கர் புதருக்குள் பந்தைத் தேடினார்கள். தாம்ஸன் திருத்திய சந்தில் நேராக அடித்து நடந்து போன சௌராஸியா 4 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கினார்.

அவருக்கும் இந்தியன் ஓப்பன் மட்டும் கையில் அகப்படாமல் ஓடியது. இரண்டாம் இடம், மறுபடி இரண்டாம் இடம், மறுபடியும். 2015இல் கடைசி நாள் தொடங்கும்போது முன்னணியில் இருந்தார், லாஹிரி ஏழு அடி, அதாவது ஏழு ஷாட், பின்னால். மாலையில் இருவரும் சமம். பிளேஆஃபில் டாக்டர் வீட்டுப் பையன் ஜெயித்தான், புல் வெட்டுகிறவர் வீட்டுப் பையன் தோற்றான். நான் டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் கை தட்டாமல் எழுந்து போனேன். லாஹிரி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையான ஆட்டக்காரர். ஆனாலும்.

2016இல் சௌராஸியா ஜெயித்தார். 2017இல் போட்டி தில்லி மைதானத்தை விட்டுக் குர்காவில் கேரி பிளேயர் வடிவமைத்த புதிய மைதானத்துக்குப் போனது. மேடு, பள்ளம், பாறை விளிம்பு வைத்த மணற்குழி என்று ஆளை விழுங்குகிற அமைப்பு. நல்ல நல்ல ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். குள்ள மனிதர் அங்கேயும் ஏழு அடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பது போல நின்றார். அதே வருஷம்தான் தில்லி கிளப்பின் சாப்பாட்டுக்கூடத்தில், பாரம்பரிய உடையில் வந்த காசி பழங்குடி இனத்துப் பெண்மணி ஒருவரை வெளியே போகச் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. பின்வாசல்காரர்கள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முன்வாசலில் யார் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நாட்டையும் விடக்கூடாது. 2013இல் வென்ற சித்திகுர் ரஹ்மான் டாக்கா குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கியவர். ஒலிம்பிக்ஸுக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் வங்கதேசத்தவர், ரியோவில் கொடியேந்திச் சென்றவரும் அவரே.

சௌராஸியாவுக்குப் பிறகு? 2018, மேட் வாலஸ், இங்கிலாந்து. 2019, ஸ்டீபன் கல்லாஹர், ஸ்காட்லாந்து. கடைசி நாள் ஏழாவது குழிக்கு எட்டு அடி எடுத்து, எல்லோரும் கைகழுவிய பிறகு ஜெயித்தவர். மூன்று வருஷம் கோவிட் விழுங்கியது. 2023, மார்செல் ஸீம், ஜெர்மனி. 2024, கேய்தா நகாஜிமா, ஜப்பான். 2025, யூஹெனியோ சகார்ரா, ஸ்பெயின். பூகோளப் பாடம் மறுபடி ஆரம்பமாகிவிட்டது. பரிசுத் தொகை 20 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, டிவியில் உலகமே பார்க்கிறது, பட்டியல் மட்டும் எழுபதுகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பெண்களுக்கான ஓப்பன் 2007இல்தான் தொடங்கியது. 2016இல் பெங்களூர் அதிதி அசோக் ஜெயித்தபோது அவருக்கு வயது பதினெட்டு. காத்திருக்கிற வேலையை ஆண்களிடமே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

லோதி காலனிக்கு வருகிறேன். அக்கா மகன் இப்போது குர்காவில் இருபதாவது மாடியில் இருக்கிறான். வீடு இருக்கிற சாலையின் பெயரே கோல்ஃப் கோர்ஸ் ரோடு. அவனுடைய பையன் கோல்ஃப் அகாடமியில் சேர்ந்திருக்கிறான். அகாடமியின் ஃபீஸ் பள்ளிக்கூட ஃபீஸைவிட அதிகம். பையனின் அடியைக் காமிரா படம் பிடிக்கிறது, ரேடார் அளக்கிறது, ஐபேடில் கோடு கோடாக வருகிறது. மட்டை அவன் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ஆக, எங்கள் பிளாக் ஒருவழியாகச் சுவர் தாண்டி உள்ளே வந்துவிட்டது. யூ.டி.சி.யின் கொள்ளுப்பேரன் மாதத் தவணையில் ஃபேர்வேயில் நிற்கிறான். அப்பா இருந்தால் ஃபீஸைக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்தில் எத்தனை குவார்ட்டர்ஸ் கட்டலாம் என்று சொல்லியிருப்பார்.

2025 ஓப்பனுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பாஸ் ஃபோனில் வந்தது, யாரும் வேண்டாம் என்று விட்டது இல்லை. வெயிலுக்குப் பயந்து ஒரு கயிறோரம் நின்றபோது, அமைதி காக்கச் சொல்லும் பலகையைப் பிடித்துக்கொண்டு என் வயதையொத்த ஒருவர் நின்றார். தில்லிக்காரர், பழைய கேடி. ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அலி ஷேரோடு ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“ஆடினேன் சாப். அவர் ஜெயிச்சார், நாங்க கத்தினோம்.”

“பையன் ஆடறானா?”

“மானேசர்ல கார் ஃபாக்டரி. நல்ல வேலை.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “சின்ன வயசுல கூட்டிட்டுப் போவேன். கை நல்ல கை சாப், பட்டிங்ல என்னையே தோக்கடிப்பான். இப்ப எங்கே? திங்கட்கிழமை லீவு கிடையாதே.”

“ஞாயிற்றுக்கிழமை இருக்குமே?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமை மெம்பர்ங்க ஆடுவாங்களே சாப்.”